டிரைவர் ஓடவில்லையா? அறிகுறி வாரியாக லினக்ஸ் கெர்னலில் கோளாறு தேடும் முறை

இந்தக் குறிப்பு, ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சின்ன போர்டில் ஐ2சி பஸ்ஸில் (எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு ஒயரில் சிப்புகளோடு பேசும் வழி) மாட்டிய சென்சாருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு. உதாரணத்துக்கு பிஎம்பி280 காற்றழுத்த சென்சாரை எடுத்துக்கொள்கிறேன். மலிவானது, எங்கும் கிடைக்கிறது. கெர்னலுக்குள்ளேயே அதற்கு நல்ல டிரைவர் ஒன்று இருப்பதால், சந்தேகம் வந்தால் நம்முடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எஸ்பிஐ, யுஎஸ்பி என்று வேறு பஸ் ஆனாலும் இதில் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும்.

"டிரைவர் ஓடல" என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் சி கோப்பைத் திறப்பதில்லை. நாலு கேள்விதான். மாட்யூல் (கெர்னலில் தனியாக ஏற்றும் டிரைவர் கோப்பு) ஏறியதா? அந்தச் சாதனம் இருப்பது கெர்னலுக்குத் தெரியுமா? புரோப் ஃபங்ஷன் (சாதனம் கிடைத்ததும் கெர்னல் கூப்பிடும் டிரைவரின் தொடக்க ஃபங்ஷன்) ஓடியதா? பஸ்ஸில் சிப் பதில் சொல்கிறதா? இந்த வரிசையில் முதலில் எங்கே "இல்லை" வருகிறதோ அங்கேதான் கோளாறு. அது பெரும்பாலும் சி கோப்புக்கு வெளியே, டிவைஸ் ட்ரீயிலோ (போர்டில் என்னென்ன சாதனம் எங்கே என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) கெர்னல் ஹெடரிலோ ஒயரிலோ இருக்கும்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு டெர்மினல் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை விடாமல் ஓடட்டும், இன்னொன்றில் வேலை. மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளை சொல்லும் பிழைச்செய்தி ஒரு வரிதான், அதுவும் பாதி உண்மை. மீதி டிமெசேஜில் இருக்கும்.

## அறிகுறி: மாட்யூலே ஏற மறுக்கிறது

"இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்" என்று வந்தால்

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் ஒன்று, மாட்யூல் கம்பைல் ஆன கெர்னல் வேறொன்று. யூநேம் காட்டும் பதிப்பையும், மாட்இன்ஃபோ காட்டும் வெர்மேஜிக் வரியையும் (மாட்யூல் எந்த கெர்னலுக்குச் செய்யப்பட்டது என்ற குறிப்பு) ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

மிகச் சாதாரண காரணம்: காலையில் அப்டேட் போட்டீர்கள், புது கெர்னல் டிஸ்கில் இறங்கிவிட்டது, ஹெடர்களும் புதியவை, ஆனால் மெஷினை இன்னும் ரீபூட் செய்யவில்லை. ரீபூட் செய்தால் தீர்ந்தது.

அதில் தீரவில்லை என்றால் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வால் வேறாக இருக்கும். நீங்களே கம்பைல் செய்த கெர்னல் என்றால் இதுதான். ராஸ்பெர்ரி பையில் இன்னொரு பொறி உண்டு: 32 பிட் ஓஎஸ் போட்டிருப்பீர்கள், ஆனால் ஃபர்ம்வேர் 64 பிட் கெர்னலை ஏற்றியிருக்கும். ஜிசிசி 32 பிட் மாட்யூல் செய்யப் பார்க்கும், கெர்னல் கேட்பதோ 64. யூநேமில் மெஷின் வகையைக் கேட்டால் தெரிந்துவிடும். கான்ஃபிக் கோப்பில் ஆர்ம் 64 பிட் என்ற வரியைச் சுழியம் ஆக்கலாம், அல்லது முழு 64 பிட் ஓஎஸ்ஸுக்கே மாறலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன்.

வெர்மேஜிக்கைப் பொருட்படுத்தாமல் ஏற்றச் சொல்லும் ஃபோர்ஸ் ஆப்ஷன் ஒன்று, மாட்யூல் ஏற்றும் இன்னொரு கட்டளையான மாட்புரோப்பில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். ஸ்ட்ரக்சர்களின் அமைப்பு மாறியிருந்தால் மாட்யூல் ஏறும், அப்புறம் சம்பந்தமே இல்லாத இடத்தில் மெமரியைக் கெடுக்கும்.

"அன்நோன் சிம்பல்" என்று வந்தால்

எந்த சிம்பல் (மாட்யூல் தேடும் வெளி ஃபங்ஷனின் பெயர்) என்று டிமெசேஜில் பெயரோடு இருக்கும். இன்ஸ்மாட் சார்பு மாட்யூல்களைத் தானாக ஏற்றாது, மாட்புரோப் ஏற்றும். எனவே மாட்யூலை உரிய இடத்தில் வைத்து, சார்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் டெப்மாட் ஓட்டிவிட்டு, மாட்புரோப்பால் ஏற்றிப் பாருங்கள். ஐ2சி ரெக்மேப் (ரிஜிஸ்டர்களைப் படிக்க, எழுத கெர்னல் தரும் பொது ஃபங்ஷன்கள்) பயன்படுத்துகிறீர்கள் என்றால் விடுபட்டிருப்பது பெரும்பாலும் ரெக்மேப்-ஐ2சி மாட்யூல்.

அப்படியும் வந்தால் மாட்யூல் லைசென்ஸ் வரியைப் பாருங்கள். ரெக்மேப் ஃபங்ஷன்கள் ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டும் திறந்தவை. லைசென்ஸ் வேறு எதாவது எழுதியிருந்தால் கதவு திறக்காது. புதிய கெர்னல்களில் கம்பைல் செய்யும்போதே திட்டு விழும்.

"கீ வாஸ் ரிஜெக்டட்" என்று வந்தால்

இது ராஸ்பெர்ரி பையில் வராது, லேப்டாப்பில் வரும். செக்யூர் பூட் இயங்குகிறது, உங்கள் மாட்யூலில் கையெழுத்து இல்லை. சொந்த மெஷின் என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்கலாம், அல்லது சொந்தச் சாவி உருவாக்கி மோக்யூட்டில் கருவி வழியாகப் பதிந்து மாட்யூலில் கையெழுத்திடலாம். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவைக் கூப்பிடுங்கள். டிஸ்க் என்கிரிப்ஷன் செக்யூர் பூட்டோடு கட்டப்பட்டிருந்தால், நீங்கள் பயாஸில் கைவைத்ததும் ரெக்கவரி கீ கேட்டு நிற்கும்.

## அறிகுறி: மாட்யூல் ஏறிவிட்டது, ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்எஸ்மாட் பட்டியலில் மாட்யூல் இருக்கிறது, டிமெசேஜில் பிழை இல்லை, புரோப்பின் முதல் வரியில் போட்ட பிரிண்டும் வரவில்லை. டிரைவரும் சாதனமும் இன்னும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்று அர்த்தம். எனவே புரோப்புக்குள் எதையும் மாற்றிப் பயனில்லை.

முதலில் சிஸ் கோப்புறைக்குள் பஸ், ஐ2சி, டிவைசஸ் என்று இறங்கி, 1-0076 என்ற பெயரில் கோப்புறை இருக்கிறதா பாருங்கள். 1 என்பது பஸ் எண், 76 சென்சாரின் முகவரி.

கோப்புறையே இல்லை

சாதனம் இருப்பது கெர்னலுக்குத் தெரியாது. பையில் ஐ2சி பஸ் இயல்பாக அணைந்திருக்கும். கான்ஃபிக் கோப்பில் அதை ஆன் செய்தீர்களா? அடுத்து, ஓவர்லே கோப்பை (டிவைஸ் ட்ரீயில் உங்கள் சாதனத்தைச் சேர்க்கும் துண்டு) கம்பைல் செய்தீர்கள் சரி, ஓவர்லே கோப்புறைக்குக் காப்பி செய்தீர்களா, அதன் பெயரை கான்ஃபிக்கில் சேர்த்தீர்களா? நோடில் (டிவைஸ் ட்ரீயில் சாதனத்துக்கான பகுதி) ஸ்டேட்டஸ் "ஓகே" என்று இருக்கிறதா, "டிசேபிள்ட்" என்று இருக்கிறதா?

நீங்கள் எழுதிய டிவைஸ் ட்ரீ கோப்பைப் பார்த்து இதற்குப் பதில் சொல்லாதீர்கள். கெர்னல் உண்மையில் என்ன வாங்கிக்கொண்டதோ அது புராக் கோப்புறையில் டிவைஸ்-ட்ரீ என்ற பெயரில் இருக்கிறது. டிடிசி கருவியால் அதைத் திருப்பி எழுத்தாக்கிப் படியுங்கள். உங்கள் நோடு அங்கே இல்லையென்றால் ஓவர்லே ஏறவே இல்லை.

சீக்கிரம் முடிவு தெரிய ஒரு சோதனை இருக்கிறது. ஐ2சி-1 பஸ்ஸின் சிஸ் கோப்புறையில் நியூ டிவைஸ் என்ற கோப்பு உண்டு. அதில் சாதனத்தின் பெயரையும் ஹெக்ஸ் முகவரியையும் எக்கோ செய்தால், டிவைஸ் ட்ரீ இல்லாமலே கெர்னல் அந்தச் சாதனத்தை உருவாக்கும். பெயர் உங்கள் டிரைவரின் ஐடி டேபிளில் (அது ஆதரிக்கும் சாதனங்களின் பட்டியல்) உள்ளதாக இருக்க வேண்டும். இப்படிச் செய்ததும் புரோப் ஓடினால் டிரைவர் சுத்தம், குற்றவாளி டிவைஸ் ட்ரீ.

கோப்புறை இருக்கிறது, உள்ளே டிரைவர் என்ற லிங்க் இல்லை

கம்பாட்டிபிள் சரம் (சாதனத்தை அதன் டிரைவரோடு சேர்க்கும் பெயர்) பொருந்தவில்லை. சாதனக் கோப்புறைக்குள் ஓஎஃப்-நோடு, அதற்குள் கம்பாட்டிபிள் என்ற கோப்பு. அதை கேட் செய்து, மாட்இன்ஃபோ காட்டும் அலையஸ் வரிகளோடு ஒப்பிடுங்கள். கமாவுக்குப் பதில் ஹைஃபன், ஹைஃபனுக்குப் பதில் அண்டர்ஸ்கோர், கமாவுக்குப் பின் ஒரு ஸ்பேஸ் என்று கண்ணுக்குச் சிக்காத வித்தியாசமாகத்தான் இருக்கும். சரம் சரியென்றால், மேட்ச் டேபிளை டிரைவர் ஸ்ட்ரக்சரில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். டேபிள் எழுதிவிட்டு அதை இணைக்காமல் விடுவது சகஜம். டேபிளின் கடைசியில் காலியான ஒரு வரிசை கட்டாயம் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கெர்னல் டேபிளைத் தாண்டியும் படித்துக்கொண்டே போகும்.

டிரைவர் லிங்க் இருக்கிறது, ஆனால் நம்முடையது அல்ல

கெர்னலோடு வந்த பிஎம்பி280 டிரைவர் முந்திக்கொண்டது. அதை அன்பைண்ட் செய்யுங்கள் அல்லது சோதனை முடியும்வரை பிளாக்லிஸ்ட்டில் போடுங்கள். ஐ2சி-டிடெக்ட் ஓட்டினால் அந்த முகவரியில் எண்ணுக்குப் பதில் "யுயு" என்று தெரிவதும் இதற்கு அடையாளம்: ஏதோ ஒரு டிரைவர் அந்த முகவரியைப் பிடித்து வைத்திருக்கிறது.

கையால் ஏற்றினால் ஓடுகிறது, பூட்டில் தானாக ஏறவில்லை

மாட்யூல் டிவைஸ் டேபிள் மேக்ரோ விடுபட்டிருக்கிறது. மாட்இன்ஃபோவில் அலையஸ் வரியே இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். அந்த ஒரு வரியைச் சேர்த்து டெப்மாட் ஓட்டுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் புரோப் முடிந்தபாடில்லை

டீபக் எஃப்எஸ்ஸில் டிவைசஸ் டிஃபர்ட் என்ற கோப்பைத் திறங்கள். உங்கள் சாதனம் அங்கே காத்திருக்கலாம். புரோப் உண்மையில் ஓடி, தேவையான ரெகுலேட்டரோ கிளாக்கோ ஜிபிஐஓவோ இன்னும் தயாராகாததால் -517 திருப்பி அனுப்பியிருக்கும். இது பிழை அல்ல, "அப்புறம் கூப்பிடு" என்பதற்கான குறி. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறதோ அதன் டிரைவரே கெர்னலில் இல்லையென்றால் அந்த "அப்புறம்" வரவே வராது. 5.9 கெர்னலில் வந்த டெவ்-எரர்-புரோப் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தால் காரணமும் அதே கோப்பில் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பழைய டிரைவரிலும் இதை மாற்றிப் போடுவது பத்து நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

## அறிகுறி: புரோப் ஓடியது, பிழை எண்ணோடு விழுந்தது

இப்போது எண்தான் வழிகாட்டி.

-121 அல்லது -6

சிப் பஸ்ஸில் பதில் சொல்லவில்லை. பையின் ஐ2சி கன்ட்ரோலர் இதற்கு -121 தரும். -6 தரும் கன்ட்ரோலர்களும் உண்டு. ஐ2சி-டிடெக்ட் ஓட்டி எந்த முகவரியிலாவது ஏதாவது தெரிகிறதா பாருங்கள். வேறு முகவரியில் தெரிந்தால்: பிஎம்பி280-இன் எஸ்டிஓ கால் கிரவுண்டில் இருந்தால் ஹெக்ஸ் 76, மின்சாரத்தில் இருந்தால் 77. மாட்யூல் போர்டைப் பொறுத்து இது மாறும்.

சில தரவுத்தாள்கள் படிக்கும்/எழுதும் பிட்டையும் சேர்த்து 8 பிட் முகவரி கொடுக்கும். அங்கே ஹெக்ஸ் 90 என்று இருந்தால் லினக்ஸுக்குச் சொல்ல வேண்டியது அதில் பாதி, ஹெக்ஸ் 48. லினக்ஸ் எப்போதும் 7 பிட் முகவரியைத்தான் கேட்கும்.

எதுவுமே தெரியவில்லை என்றால் ஒயர். எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டும் மாறியிருக்கிறதா, கிரவுண்ட் பொதுவாக இருக்கிறதா, பிரெட்போர்டில் கால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சென்சாருக்கு 3.3 வோல்ட்தான், பையின் ஜிபிஐஓ கால்கள் 5 வோல்ட் தாங்காது.

-110

நேரம் தாண்டிவிட்டது. மல்டிமீட்டரை எடுங்கள். யாரும் பேசாத நேரத்தில் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டிலும் 3.3-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எஸ்டிஏ சுழியத்தில் நின்றால் ஏதோ ஒரு சிப் பாதிப் பேச்சில் சிக்கி லைனை இழுத்துப் பிடித்திருக்கிறது. ரீபூட் மட்டும் போதாது, சென்சாரின் மின்சாரத்தையே பிடுங்கி மாட்டுங்கள். இரண்டு லைனும் நடுவாந்தரமாக மிதந்தால் லைனை 3.3-க்கு இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இல்லை. பையில் ஐ2சி-1 கால்களில் 1.8 கிலோஓம் ரெசிஸ்டர் போர்டிலேயே இருக்கிறது. வேறு கால்களில் ஐ2சி எடுத்தால் நீங்கள்தான் போட வேண்டும்.

சென்சார் கிளாக் ஸ்ட்ரெட்சிங் (தான் தயாராகும்வரை கிளாக் லைனைப் பிடித்து வைப்பது) செய்யும் வகை என்றால், பழைய பைகளின் பிராட்காம் கன்ட்ரோலரில் அதற்கு ஒரு ஹார்ட்வேர் கோளாறே உண்டு. வேகத்தை இயல்பான 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10-க்கு இறக்கிப் பாருங்கள். குறைத்ததும் ஓடினால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள்.

-19

சிப் பேசியது, ஆனால் ஐடி பொருந்தாமல் நம் டிரைவரே திருப்பி அனுப்பியிருக்கும். டி0 ரிஜிஸ்டரை ஐ2சி-கெட் மூலம் படியுங்கள். பிஎம்பி280 என்றால் ஹெக்ஸ் 58, ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 என்றால் 60. பிஎம்இ280 என்று காசு கொடுத்து வாங்கிய போர்டில் 58 வருவது அடிக்கடி நடக்கிறது. அங்கே டிரைவரைத் திருத்த ஒன்றுமில்லை, கடைக்காரரிடம்தான் போக வேண்டும்.

-16

ஒரே முகவரிக்கு இரண்டு நோடுகள், அல்லது ஒரே இன்டரப்டுக்கு இரண்டு பேர். டிவைஸ் ட்ரீயைப் பாருங்கள்.

-22

இதற்கு அர்த்தம் "ஏதோ தப்பு" என்பது மட்டும். எந்த வரி அனுப்பியது என்று தெரியாத வரை ஊகிக்க வேண்டாம். புரோப்பில் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனிச் செய்தி போடுங்கள்.

இத்தனையும் பார்த்தும் -121 அல்லது -110 எப்போதாவது மட்டும் வந்து போகிறது என்றால் அடுத்த படி லாஜிக் அனலைசர். எட்டுச் சேனல் கொண்ட மலிவு வகையே ஐ2சி-க்குத் தாராளம். ஏக் ("கிடைத்தது" என்று சிப் தரும் குறி) வரவில்லையா, வந்தும் அலை மழுங்கியிருக்கிறதா என்று படமாகத் தெரியும். மழுங்கியிருந்தால் அது சாஃப்ட்வேர்காரர் வேலை அல்ல. அந்தப் படத்தோடு ஹார்ட்வேர் இன்ஜினியரிடம் போங்கள்.

## அறிகுறி: படிக்கிறது, ஆனால் எண் அபத்தமாக இருக்கிறது

எப்போதும் ஒரே எண்

பிஎம்பி280-இல் மூல வெப்பநிலை எப்போதும் ஹெக்ஸ் 80000 என்றால் சிப் தூங்குகிறது. மின்சாரம் வந்ததும் அது ஸ்லீப் நிலையில்தான் இருக்கும். எஃப்4 ரிஜிஸ்டரில் மோடு எழுதி எழுப்பும்வரை அளக்கவே தொடங்காது. 80000 என்பது "இன்னும் அளக்கவில்லை" என்பதற்கான ரீசெட் மதிப்பு. கால்குலேஷனில் போட்டால் அதுவும் ஏதோ ஒரு வெப்பநிலையைத் தரும், அதுதான் ஏமாற்று.

எஸ்பிஐ என்றால், சிப் பதில் சொல்லாதபோது எல்லா ரிஜிஸ்டரும் 255 அல்லது 0 என்று வரும். எஸ்பிஐ-யில் ஏக் என்று ஒன்று கிடையாது, சிப்பே இல்லாவிட்டாலும் படிப்பு வெற்றி என்றுதான் வரும்.

எண் மாறுகிறது, ஆனால் பொருத்தமில்லை

பைட் வரிசை. இந்தச் சிப்பில் அளவீட்டு ரிஜிஸ்டர்களில் பெரிய பைட் முதலில், காலிப்ரேஷன் ரிஜிஸ்டர்களில் சின்ன பைட் முதலில். ஒரே சிப்புக்குள் இரண்டு பழக்கம். எஸ்எம்பஸ் ரீட் வேர்டு ஃபங்ஷன் சின்ன பைட்டை முதலாக எடுத்துக்கொள்ளும் என்பதால் காலிப்ரேஷன் சரியாக வந்து, அளவீடு தலைகீழாகும். அடுத்தது குறி: வெப்பநிலைக்கான மூன்று காலிப்ரேஷன் எண்களில் முதலாவதுக்கு மட்டும் மைனஸ் கிடையாது, மற்ற இரண்டும் மைனஸ் வரக்கூடியவை. மூன்றையும் ஒரே வகையாக அறிவித்திருந்தால் திருத்துங்கள்.

சரிபார்க்க: டிரைவரை இறக்கிவிட்டு ஐ2சி-டம்ப் மூலம் மூல பைட்டுகளை எடுங்கள், டிரைவர் படித்ததோடு ஒப்பிடுங்கள். பைட்டுகள் ஒன்றே என்றால் கணக்கு தப்பு. வேறு என்றால் படிப்பு தப்பு.

## அறிகுறி: இன்டரப்ட் வரவில்லை, அல்லது நிற்காமல் கொட்டுகிறது

பிஎம்பி280-க்கு இன்டரப்ட் கால் கிடையாது, பிஎம்பி388-க்கு உண்டு. அப்படி ஒன்று உள்ள சிப்புக்கு இது.

புராக் கோப்புறையின் இன்டரப்ட்ஸ் கோப்பில் உங்கள் வரியின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏறவே இல்லையென்றால் சிப்பில் இன்டரப்டை இயக்கினீர்களா, டிவைஸ் ட்ரீயில் ஏறுமுக விளிம்பு, இறங்குமுக விளிம்பு, மட்டம் என்பதில் தரவுத்தாள் சொல்வதையே எழுதினீர்களா என்று பாருங்கள். எண்ணிக்கை ராக்கெட் வேகத்தில் ஏறி, "நோபடி கேர்ட்" என்று கத்திவிட்டு நின்றுபோனால், ஹேண்ட்லர் சிப்பின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை அழிக்காமல் "என்னுடையது அல்ல" என்று திருப்பி அனுப்புகிறது. ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900-க்கு மேல் அனாதையானால் கெர்னல் அந்த லைனையே மூடிவிடும்.

"ஸ்கெட்யூலிங் வைல் அட்டாமிக்" வந்தால் ஹேண்ட்லருக்குள்ளேயே ஐ2சி பேசுகிறீர்கள். ஐ2சி பரிமாற்றம் தூங்கக்கூடியது, ஹார்ட் இன்டரப்டில் அதற்கு இடமில்லை. தூங்க அனுமதி உள்ள த்ரெடட் இன்டரப்டுக்கு மாற்றி, ஒன்ஷாட் கொடியையும் சேருங்கள்.

## அறிகுறி: கெர்னல் ஊப்ஸ் அடித்து விழுகிறது

ஊப்ஸ் என்பது கெர்னல் தனக்குள் நேர்ந்த பிழையைப் பற்றி அச்சிடும் அறிக்கை. அதில் நல் பாயின்டர் செய்தியில் உள்ள முகவரியைப் படியுங்கள். ஹெக்ஸ் 18 போலச் சின்ன எண் என்றால், பாயின்டர் நல் (காலி) ஆக இருந்த ஒரு ஸ்ட்ரக்சரின் 24-ஆவது பைட்டில் உள்ள உறுப்பைத் தொட்டீர்கள். புரோப்பில் கிளையன்ட் டேட்டாவை செட் செய்யாமல் வேறிடத்தில் எடுத்தது முதல் சந்தேகம். இன்டரப்டை முதலில் பதிந்துவிட்டு அதற்குத் தேவையானதைப் பிறகு தயார் செய்வது இரண்டாவது. அது நூறில் ஒரு முறை மட்டும் விழும், அதனால் நீண்ட நாள் மறைந்திருக்கும்.

விழுந்த இடத்தைச் சொல்லும் பிசி வரியில் ஃபங்ஷன் பெயரும் பைட் தொலைவும் இருக்கும். கெர்னல் சோர்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ள எஃப்-அட்ரஸ்-டு-லைன் கருவியிடம் அதைக் கொடுத்தால் சி கோப்பில் வரி எண் கிடைக்கும், மாட்யூலை டீபக் தகவலோடு கம்பைல் செய்திருந்தால்.

இடம் மாறி மாறி விழுகிறது, ஒவ்வொரு முறையும் வேறு ஃபங்ஷன் என்றால் மெமரி கெட்டிருக்கிறது. காசான் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கெர்னல் கருவி), லாக் சோதனை இரண்டையும் இயக்கி ஒரு கெர்னலைத் தனியாக கம்பைல் செய்யுங்கள். மெதுவாக ஓடும், ஆனால் எங்கே கெட்டது, அந்த மெமரியை யார் ஒதுக்கியது, யார் விடுவித்தது என்று மூன்றையும் சொல்லிவிடும்.

காசானும் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் மாட்யூல் இல்லாமலும் விழுகிறது என்றால் வெளியே கேளுங்கள். சப்சிஸ்டத்தின் பராமரிப்பாளர் யார் என்று கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். பூட்டிலிருந்து தொடங்கும் முழு டிமெசேஜ், கெர்னல் பதிப்பு, உங்கள் டிவைஸ் ட்ரீ நோடு மூன்றும் எழுத்தாக வேண்டும், திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். மூடிய மாட்யூல் எதாவது ஏறியிருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு மறுபடி விழ வைத்துக் காட்டுங்கள். டெயின்ட் கொடியில் (கெர்னலில் வெளிக் கலப்பு உண்டு என்ற குறி) அது தெரியும், பலர் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள்.

## அறிகுறி: மாட்யூலை இறக்க முடியவில்லை, அல்லது இறக்கியதும் மெஷின் சாகிறது

"இன் யூஸ்" என்றால் எல்எஸ்மாட்டின் கடைசிப் பத்தியில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு புரோகிராம் டிவைஸ் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. ஊப்ஸுக்குப் பிறகு எண்ணிக்கை சிக்கியிருந்தால் ரீபூட்தான், வேறு வழியில்லை.

இறங்கிய சில வினாடிகளில் விழுந்தால் டைமரோ வொர்க்கோ (பிறகு ஓட வைத்த வேலை) இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கேன்சல் சிங்க் வகைகளை ரிமூவில் அழையுங்கள். டெவ்எம் (கெர்னலே தானாக விடுவிக்கும் முறை) வழியாக எடுத்த இன்டரப்ட், ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும் என்பதையும் கவனியுங்கள்: நீங்கள் கையால் விடுவித்த மெமரியை ஹேண்ட்லர் அதற்குள் தொடலாம்.

## அறிகுறி: நேற்று வரை கம்பைல் ஆனது, கெர்னல் அப்டேட்டுக்குப் பின் ஆகவில்லை

கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்று யாரும் வாக்கு கொடுக்கவில்லை. 6.1-இல் ஐ2சி ரிமூவ் எதையும் திருப்பி அனுப்பாத ஃபங்ஷன் ஆனது. 6.3-இல் ஐ2சி புரோப் ஒற்றை ஆர்க்யுமென்ட் ஆனது. 6.4-இல் கிளாஸ் கிரியேட் ஒரு ஆர்க்யுமென்டை இழந்தது. பிழை வரியில் உள்ள ஃபங்ஷன் பெயரை கெர்னலின் கிட் வரலாற்றில் தேடினால் மாற்றியவரே காரணத்தையும் எழுதி வைத்திருப்பார்.

ஒன்றிரண்டு பதிப்புகள்தான் என்றால், பதிப்பு எண் பார்த்துப் பிரியும் மேக்ரோ போதும், டிகேஎம்எஸ் சேர்த்தால் ஒவ்வொரு அப்டேட்டிலும் தானாக கம்பைல் ஆகும். மேக்ரோக்கள் பெருகி சி கோப்பைப் படிக்கவே முடியாத நிலை வந்தால், டிரைவரை மெயின்லைனுக்கு (லினக்ஸ் கெர்னலின் மூல சோர்ஸ்) அனுப்புவதுதான் மலிவு. அதற்குப் பின் இடைமுகத்தை மாற்றுபவரே உங்கள் கோப்பையும் சேர்த்துத் திருத்துவார். அனுப்பும் முன், சென்சார் டிரைவர்கள் இருக்கும் ஐஐஓ கோப்புறையில் ஒரு முறை தேடிப் பாருங்கள். உங்கள் சிப்பின் உறவுக்காரச் சிப்புக்கு டிரைவர் ஏற்கெனவே இருந்தால், அதில் ஐடி வரியும் ஒரு கம்பாட்டிபிள் சரமும் சேர்த்தாலே வேலை முடிந்துவிடலாம்.